பேஸ் கிதாரின் முதல் ஆம்பும் முதல் கம்பியும்

பேஸ் கிதார் கற்கத் தொடங்குபவர் கருவியை வாங்கிய கையோடு இரண்டு கேள்விகளோடு நிற்பார். எத்தனை வாட் ஆம்ப் வாங்குவது? எந்தக் கம்பி மாட்டுவது? முதல் கேள்விக்குக் கடையிலும் நண்பர் வட்டத்திலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பேஸ் என்றால் தாழ்ந்த ஒலி, தாழ்ந்த ஒலிக்குப் பெரிய ஸ்பீக்கரும் நிறைய வாட்டும் வேண்டும், ஆகவே கையிலிருக்கும் பணத்தை ஆம்பில் போடு. கம்பியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கிதாரோடு வந்த கம்பியே ஓராண்டு, ஈராண்டு என்று ஓடிக்கொண்டிருக்கும். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். பேஸ் கிதாரின் சுரத்தை நம் காது அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் அதன் அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேலே எழும் மேற்சுரங்களைக் கொண்டுதான். அவற்றைப் பிறப்பிப்பது கம்பி. அவற்றைச் சிதைக்காமல் காதுக்குக் கொண்டுவந்தால் ஆம்பின் வேலை முடிந்தது. வீட்டில் பழகும் ஒருவருக்கு அந்த வேலையை நடுத்தரமான ஆம்ப் ஒன்று நன்றாகவே செய்துவிடும்.

நான்கு கம்பி பேஸ் கிதாரில் மிகத் தடித்த ஈ கம்பி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. அடுத்து ஏ 55, டி 73.4, ஜி 98 ஹெர்ட்ஸ். சாதாரண கிதாரில் இதே பெயர் கொண்ட தடித்த நான்கு கம்பிகளைவிட இவை ஒரு ஸ்தாயி கீழே. நம் காது இந்தப் பகுதியில் மிகவும் மந்தமானது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி அழுத்தம் இருந்தால் ஒரே உரப்பாகக் கேட்கும் என்பதை 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வெளியிட்டார்கள். அந்த வளைகோடுகள் பின்னர் திருத்தப்பட்டு ஐ.எஸ்.ஓ. 226 என்ற தரநிலையாக வந்தன. அதன் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலில் ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கு ஈடாக 40 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி கேட்க வேண்டுமானால் அது ஏறத்தாழ 83 டெசிபல் இருக்க வேண்டும். 43 டெசிபல் வித்தியாசம் என்பது திறனில் சுமார் இருபதாயிரம் மடங்கு. ஆனால் அதே வளைகோட்டில் 80 ஹெர்ட்ஸுக்கு வந்தால் தேவை 68 டெசிபலாகக் குறைகிறது. 160 ஹெர்ட்ஸில் இன்னும் குறைகிறது. ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸோடு சேர்ந்தே அதன் மடங்குகளான 82, 124, 165, 206 ஹெர்ட்ஸ் அதிர்வுகளும் எழுகின்றன. காதுக்கு எட்டும் இடத்தில் இருப்பவை இவைதான்.

அப்படியானால் ஒரு கேள்வி எழும். 41 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காமல் போனால், 82 ஹெர்ட்ஸில் தொடங்கும் ஒலி ஒரு ஸ்தாயி உயர்ந்துவிட்டதாகத் தோன்ற வேண்டாமா? தோன்றுவதில்லை. 82, 124, 165, 206 என்று 41 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்ட வரிசையைக் கேட்கும்போது செவிப்புலன் அந்த இடைவெளியைக் கணக்கிட்டு, அடியில் இல்லாத 41 ஹெர்ட்ஸைச் சுருதியாக உணர்த்திவிடுகிறது. இது ஸ்பீக்கரிலோ காதிலோ நேரும் ஏதோ சிதைவால் விளைவது என்று நெடுநாள் கருதப்பட்டது. 1954-இல் ஜே. சி. ஆர். லிக்லைடர் அடிப்படை அதிர்வெண் இருக்க வேண்டிய பகுதியை இரைச்சலால் மூடிக் காட்டினார். அப்போதும் சுருதி மறையவில்லை. அந்தத் தாழ்ந்த அதிர்வு எங்கிருந்தோ உண்மையிலேயே உருவாகியிருந்தால் இரைச்சலில் அமிழ்ந்திருக்கும். ஆகவே சுருதியை மேற்சுரங்களின் வரிசையிலிருந்தே மூளை கட்டமைக்கிறது என்று தெளிந்தது. பழைய தொலைபேசி இதற்கு அன்றாடச் சான்று. அது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஒழுங்காகக் கடத்தாது. ஆணின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 120 ஹெர்ட்ஸை ஒட்டியது. இருந்தும் அப்பாவின் குரல் தொலைபேசியில் கட்டைக் குரலாகவே கேட்டது. தமிழ்நாட்டுக்கு இன்னொரு சான்றும் உண்டு. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிதார் தனக்கென ஒரு மெட்டையே நடத்திக்கொண்டு போகும். அந்தப் பாடல்களைக் கையகல ஸ்பீக்கர் கொண்ட டிரான்சிஸ்டரிலும் டேப் ரிக்கார்டரிலும் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த ஸ்பீக்கர்கள் 41 ஹெர்ட்ஸைத் தொட்டதே இல்லை. ஆனாலும் பேஸின் சுரங்கள் சுரங்களாகவே காதில் விழுந்தன.

சிறிய பெட்டிகள் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். ஆம்பெக் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு ஆம்ப், ராக் இசை மேடைகளின் பேஸ் ஒலிக்கே இலக்கணமானது. அதோடு சேர்த்து வைக்கப்படும் 810 பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. நான்கடி உயரம். அதன் எஸ்.வி.டி.-810இ வடிவத்துக்குத் தரப்படும் அளவீட்டின்படி 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் சரிந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் சரிவு. உலகத்தின் பெயர்பெற்ற பேஸ் பெட்டியே தன் மிகத் தாழ்ந்த சுரத்தின் அடிப்படையைப் பாதிக்கு மேல் விட்டுவிட்டுத்தான் பாடுகிறது. அதைக் கேட்டு யாரும் பேஸ் போதவில்லை என்று சொன்னதில்லை.

இனி ஸ்பீக்கரின் பக்கம் வருவோம். ஒரே ஒலி அழுத்தத்தைத் தர, அதிர்வெண் பாதியாகும்போது ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் நகர வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. தரையில் வைத்த எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் தர வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 82 ஹெர்ட்ஸில் கூம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தால் போதும். 41 ஹெர்ட்ஸில் மூன்று மில்லிமீட்டருக்குமேல் நகர வேண்டும். 100 டெசிபல் கேட்டால் அது பத்து மில்லிமீட்டரைத் தொடும். சாதாரண எட்டு அங்குல ஸ்பீக்கரால் அது ஆகாது. ஆகவே சிறிய ஆம்பில் பேஸ் குமிழை முழுக்கத் திருகினால் தாழ்ந்த ஒலி கூடாது. கூம்பு தன் எல்லையில் முட்டி, சுரத்துக்குப் பதிலாகப் புர்ர் என்ற இரைச்சல்தான் வரும். பெட்டியின் அளவுக்கும் ஒரு கறாரான விதி உண்டு. கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாஃப்மனின் பெயரால் வழங்கும் அந்த விதியின்படி, சிறிய பெட்டி, ஆழமான தாழ்வொலி, அதிக உரப்பு ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டுதான் ஒருசேரக் கிடைக்கும். கணக்கில் சொன்னால், உரப்புத்திறன் குறையாமல் ஒலி சரியத் தொடங்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்க வேண்டுமானால் பெட்டியின் கொள்ளளவு எட்டு மடங்காக வேண்டும். ஒரு கையில் தூக்கக்கூடிய பெட்டியில் ‘இடி முழக்கம்’ என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த விதியை மாற்றிவிடவில்லை.

வாட் பற்றிய மயக்கமும் இங்கேதான் கலைகிறது. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். உற்றுக் கேட்டால் தெரியும் அளவு. உரப்பு இருமடங்கானதாகக் காதுக்குத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கரின் உணர்திறன் 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் 25 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்புக்குச் சமமாகிவிடும். ஆனாலும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது வாட் மட்டுமே. அதற்காக மிகச் சிறிய ஆம்பையும் நான் பரிந்துரைக்கவில்லை. விரலால் கம்பியை மீட்டும் கணத்தில் எழும் மின் அலை, அடுத்து நீளும் ஒலியைவிடப் பல மடங்கு உயரமானது. அந்த உச்சியைத் தாங்க ஆம்பில் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் பழகுபவருக்கு எட்டு அல்லது பத்து அங்குல ஸ்பீக்கரும் 25 முதல் 40 வாட்டும் கொண்ட, பேஸுக்கென்றே செய்யப்பட்ட காம்போ ஆம்ப் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) போதும். இரண்டுக்கும் இடையில் கை தயங்கினால் பத்து அங்குலத்தை எடுங்கள். கூம்பின் பரப்பு ஒன்றரை மடங்கு. அந்த ஆம்பில் நடு அதிர்வெண்களுக்குத் தனிக் குமிழும், ஹெட்போன் செருகும் வசதியும், பாட்டை ஓடவிட்டு உடன் வாசிக்க ஒரு உள்ளீடும் இருந்தால் குறையே இல்லை.

ஹெட்போனைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் ஓர் அறையின் காற்றையே அசைக்க வேண்டியிருக்கிறது. ஹெட்போன் காதை மூடியிருக்கும் சில கன சென்டிமீட்டர் காற்றை அசைத்தால் போதும். அதனால்தான் காதை நன்றாகப் பொத்தும் சாதாரண ஹெட்போன்கூட 41 ஹெர்ட்ஸை எந்தச் சிரமமும் இல்லாமல் தருகிறது. அடுக்குமாடியில் இருப்பவருக்கு வேறொரு நன்மையும் உண்டு. சுவர் உயர்ந்த ஒலிகளை எளிதில் தடுக்கும். தாழ்ந்த ஒலிகள் அதைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்பது உங்கள் வாசிப்பாக இருக்காது, அதன் மிச்சமான மொத்தொலியாகத்தான் இருக்கும்; ஹெட்போனில் அந்தத் தொல்லை இல்லை. ஆம்பை அறையில் எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். நம் வீடுகளில் வழக்கமான பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடி இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே நிலையலை எழும் முதல் அதிர்வெண் சுமார் 56 ஹெர்ட்ஸ். திறந்த ஏ கம்பியின் 55 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. பன்னிரண்டடிக்கு 47 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டை ஒட்டியது. ஆக அந்த அறையில் இந்த இரண்டு சுரங்கள் மட்டும் முழங்கும், மற்றவை அடங்கி ஒலிக்கும். ஆம்பை மூலையில் தள்ளிவைத்தால் முழக்கம் இன்னும் கூடும். கற்பவர் தன் விரல் சீராக இல்லையோ என்று கவலைப்படுவார், குற்றம் அறையுடையது. ஆம்பை மூலையிலிருந்து நகர்த்தி ஒரு நாற்காலியின் மேல், காதை நோக்கி வைத்தாலே நடுச் சுரங்கள் தெளிந்துவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இதற்கு எதிராக வலுவான வாதங்கள் இரண்டு உண்டு. தாழ்ந்த பேஸ் காதுக்கு மட்டுமானதல்ல, நெஞ்சில் அதிர்வாக உணரப்படுவது, அந்த இன்பமே வேறு என்பார்கள். உண்மைதான். ஆனால் பெரிய அரங்கில் அந்த அதிர்வைத் தருவது இசைக்கலைஞரின் பின்னால் நிற்கும் ஆம்ப் அல்ல. அரங்கின் ஒலி அமைப்பும் அதன் சப்-ஊஃபர்களும்தான். வரவேற்பறையில் அதை விலைக்கு வாங்க முயல்வது வீண். இரண்டாவது, நாளைக்கு டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்க வேண்டிவந்தால் இந்தச் சிறிய ஆம்ப் கேட்காதே என்பது. கேட்காதுதான். முழு டிரம்ஸ் எளிதாக 100 டெசிபலைத் தொடும்; 40 வாட் காம்போ அங்கே தோற்றுப்போகும். அதற்கு 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கரும் சில நூறு வாட்டும் வேண்டும். ஆனால் பல ஒத்திகைக் கூடங்களில் பேஸ் ஆம்ப் ஏற்கெனவே இருக்கும். இல்லாத இடத்தில் ஆம்பின் லைன் அவுட்டிலிருந்து ஒலி அமைப்புக்கு நேராகக் கொடுக்கலாம். என்றோ சேரப்போகும் குழுவுக்காக இன்றே பெரிய ஆம்பை வாங்குபவர் அதை வீட்டில் பத்தில் ஒரு பங்கு சத்தத்தில்தான் வைத்திருப்பார். அப்போது அவர் காதில் விழுவது சிறிய ஆம்பின் அதே ஒலிதான். கையில் இருக்கும் சாதாரண கிதார் ஆம்பிலேயே பேஸை வாசிக்கலாமா என்றால், தாழ்ந்த சத்தத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை. சத்தத்தை ஏற்றினால் அதன் மெல்லிய கூம்பு தாங்காது.

கம்பிக்கு வருவோம். அதிர்வெண் எதைப் பொறுத்தது என்பதைப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1636-இல் வெளிவந்த தம் நூலில் விதியாக எழுதினார். நீளம் கூடினால் சுருதி தாழும். இழுவிசை கூடினால் உயரும். கம்பியின் எடை கூடினால் தாழும். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ் கிதார்களுக்கு அதே அளவுதான். இந்த நீளத்தில் 41 ஹெர்ட்ஸ் வர வேண்டும், கம்பியும் தொளதொளவென்று தொங்காமல் பதினாறு கிலோ அளவுக்காவது இறுக்கமாக இருக்க வேண்டும் என்றால், கம்பி மீட்டருக்குச் சுமார் 31 கிராம் எடை இருக்க வேண்டும். ஒற்றை எஃகுக் கம்பியில் இந்த எடையைப் பெற அது 2.2 மில்லிமீட்டர் தடிமனாக வேண்டும். அது கம்பியாக அதிராது, இரும்புத் தடியாக விறைத்து நிற்கும். விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுவது இதற்குக் காரணம். விறைத்த கம்பியின் மேற்சுரங்கள் சரியான மடங்குகளில் நிற்காமல் மேலே விலகிப்போகும். மூளை சுருதியைக் கணக்கிடும் அந்த ஒழுங்கான அடுக்கு குலைந்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் நடுவே மெல்லிய எஃகு இழையை வைத்து, அதன்மேல் வேறு கம்பியைச் சுற்றிச் சுற்றி எடையை ஏற்றுகிறார்கள். இழுவிசையை இழை தாங்குகிறது, எடையைச் சுற்று தருகிறது. மேல்சுற்று எப்படிப்பட்டது என்பதில்தான் கம்பிகளின் குணம் பிரிகிறது.

உருண்டைக் கம்பியால் சுற்றியது ரவுண்ட்வூண்ட். மேற்பரப்பில் வரிவரியாக மேடு பள்ளம். விரல் நகரும்போது கிரீச்சிடும். உயர்ந்த மேற்சுரங்கள் வளமாக, நெடுநேரம் ஒலிக்கும். தட்டையான நாடாவால் சுற்றியது ஃபிளாட்வூண்ட். விரலுக்கு வழவழப்பு, ஃபிரெட்டுக்குத் தேய்மானம் குறைவு, மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கி ஒலி குட்டையாகவும் கனமாகவும் நிற்கும். இரண்டுக்கும் வரலாற்றில் உச்சங்கள் உண்டு. டெட்ராய்டின் மோட்டவுன் இசைக்கூடத்தில் அறுபதுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், லா பெல்லா ஃபிளாட்வூண்ட் கம்பிகளைத் தம் பிரிசிஷன் பேஸில் மாட்டி, மாற்றாமலே வைத்திருந்தவர். அதே காலத்தில் இங்கிலாந்தில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் பியானோவைப் போலக் கணீரென்ற ஒலியைத் தேடினார். அவரோடு சேர்ந்து ரோட்டோசவுண்ட் நிறுவனம் 1966-இல் உருவாக்கிய ரவுண்ட்வூண்ட் கம்பிகள் ராக் பேஸின் ஒலியையே மாற்றின. ஒரே வகைக் கிதாரைக் கம்பியே இரு வேறு கருவிகள்போல் ஆக்கிவிடுகிறது. எந்த ஆம்பின் குமிழாலும் இவ்வளவு தூரம் போக முடியாது. ஏனென்றால் கம்பியில் பிறக்காத மேற்சுரத்தைக் குமிழ் ஏற்றிக் காட்ட முடியாது. இருப்பதைக் கூட்டவோ குறைக்கவோதான் முடியும்.

இதனால்தான் தொடங்குபவருக்கு நிக்கல் பூசிய எஃகு ரவுண்ட்வூண்ட் கம்பியை நான் சொல்வேன். மேற்சுரங்கள் நிறைந்திருப்பதால் சிறிய ஸ்பீக்கரிலும் சுருதி தெளிவாக விழும். வாசிப்பில் விரல் செய்யும் பிழையும் ஒளியாமல் கேட்கும். கற்பவருக்கு அது வேண்டும். ஒலி கூர்மையாகத் தோன்றினால் கிதாரில் உள்ள டோன் குமிழைக் குறைத்துக்கொள்ளலாம். முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுற்று இன்னும் கூர்மையானது, விரலுக்கும் ஃபிரெட்டுக்கும் கடினமானது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விரல் நுனி மிகவும் நோகிறது, பழைய ஆத்மார்த்தமான சோல் இசையே விருப்பம் என்பவர் ஃபிளாட்வூண்டில் தொடங்கினாலும் தவறில்லை. விலை கூடுதல், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தடிமனில் 45 முதல் 100 அல்லது 105 வரையிலான செட் போதும். இவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் சொல்லப்படும் எண்கள். புதியவருக்கு மிக மெல்லிய கம்பியே நல்லது என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஒரே சுருதிக்கு இழுவிசை தடிமனின் இருமடியோடு போகும். ஈ கம்பி 105-இலிருந்து 100-க்கு இறங்கினாலே இழுவிசை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இன்னும் மெலிந்தால் கம்பி அகலமாக ஆடி ஃபிரெட்டில் உரசும். விரல் வலிக்குப் பெரும்பாலும் காரணம் கம்பி ஃபிரெட்டிலிருந்து அதிக உயரத்தில் நிற்பது. கிதார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஒருமுறை செட்டப் செய்தால் அது தீரும். 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கிதாருக்கு அதற்குரிய செட்டையே கேட்டு வாங்க வேண்டும்.

ரவுண்ட்வூண்டின் பலவீனம் அதன் பள்ளங்களே. வியர்வையும் தோலின் எண்ணெயும் அழுக்கும் அங்கே அடையும். சுற்றுகள் தாராளமாக அசைய முடியாமல் உயர்ந்த மேற்சுரங்கள் முதலில் சாகும். கம்பி மந்தமாகிவிட்டது என்பது இதைத்தான். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் துருவும் சேர்ந்துகொள்ளும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைப்பது அதன் ஆயுளை நன்றாக நீட்டும். மந்தமான கம்பிகளைக் கழற்றி நீரில் கொதிக்கவைத்து உலர்த்தி மாட்டும் பழைய வழக்கமும் சில வாரங்களுக்குப் பலன் தரும். விரல் மீட்டும் இடமும் மேற்சுரங்களைத் தீர்மானிக்கிறது. கம்பியின் நடுவே மீட்டினால் இரட்டைப்படை மடங்குகள் எழுவதில்லை. பிரிட்ஜை நெருங்கினால் மேற்சுரங்கள் கூடும். நம் தம்புராவும் வீணையும் தம் வளைந்த குதிரையினால் (பிரிட்ஜினால்) மீட்டும் இடத்தைப் பற்றிய இந்த விதியை மீறுகின்றன என்று 1921-இல் எழுதியவர் சி. வி. ராமன். பேஸ் கிதாரின் பிரிட்ஜில் அந்த வளைவு கிடையாது, விதி அப்படியே செல்லும். ஆம்பைத் தொடாமலே விரலை நான்கு அங்குலம் நகர்த்தி ஒலியை மாற்றிப் பாருங்கள்.

ஆம்ப் வாங்கக் கடைக்குப் போகும்போது உங்கள் கிதாரையே, புதுக் கம்பி மாட்டி, எடுத்துச் செல்லுங்கள். ஆம்பின் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, இருவர் பேசிக்கொள்ளும் அளவு சத்தத்தில், ஈ கம்பியின் முதல் ஐந்து ஃபிரெட்டுகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஐந்தும் ஐந்து தனித்தனிச் சுரங்களாகக் கேட்டால் அந்த ஆம்பை வாங்கலாம். ஐந்தும் ஒரே முழக்கமாகக் கேட்டால், அதில் எத்தனை வாட் எழுதியிருந்தாலும் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.